வானக் கப்பலும் வகுப்பறையும்

உலகத்தில் மனிதர்களைப் பிடித்து ஆட்டும் பைத்தியங்கள் பலவகைப்பட்டவை. சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். சிலருக்குச் சங்கீதப் பைத்தியம். இன்னும் சிலருக்குத் தங்களைப் பற்றித் தாங்களே பேசிக்கொண்டிருக்கும் பைத்தியம். என்னைப் பிடித்திருப்பது ஆகாயப் பைத்தியம். இப்படிச் சொன்னதும், நான் இரவெல்லாம் மொட்டை மாடியில் நின்று தொலைநோக்கியில் கிரகங்களை ஆராய்பவன் என்று நேயர்கள் மதிப்பாக எண்ணிவிட வேண்டாம். நான் சாய்வு நாற்காலியை விட்டு அசைவதில்லை. அமெரிக்காவில் தயாராகும் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொலைக்காட்சிக் கதையின் அத்தியாயங்களைப் பார்க்கிறேன். பார்த்து முடித்தவற்றையே மறுபடியும் பார்க்கிறேன். இதுதான் என் வானசாஸ்திரம்.

"நாற்பத்தைந்து வயதாகிறது. பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் மேஜைமேல் கிடக்கின்றன. நீங்களோ நட்சத்திர மண்டலத்தில் இருக்கிறீர்கள். எப்போது பூமிக்குத் திரும்புவதாக உத்தேசம்?" என்று என் மனைவி கேட்பது வழக்கம். "இந்த அத்தியாயம் முடிந்ததும் இறங்கிவிடுகிறேன்" என்று நானும் வழக்கமான பதிலைச் சொல்வேன். ஓர் அத்தியாயத்துக்குப் பின்னால் மற்றோர் அத்தியாயம் இருக்கிறது என்ற ரகசியத்தை மட்டும் சொல்வதில்லை.

கதை பழையதுதான். ஜீன் ராடன்பெரி என்பவருடைய கற்பனையில் உருவாகி, 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது தொடங்கிற்று. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பல் ஒன்று, மனிதர் காணாத உலகங்களைத் தேடிப் பிரயாணம் செய்கிறது; அங்கங்கே விசித்திரமான ஜீவன்களைச் சந்திக்கிறது. மூன்று ஆண்டுகளில் 79 அத்தியாயங்கள் வெளிவந்த பிறகு, பார்ப்பவர் போதவில்லை என்று 1969-இல் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது என்று சொல்ல வேண்டும். மறு ஒளிபரப்பில் ரசிகர் கூட்டம் பெருகிற்று, திரைப்படங்கள் வந்தன, 1987-இல் புதிய கப்பலோடும் புதிய தலைவரோடும் இரண்டாவது தொடர் ஆரம்பமாயிற்று. அந்தப் புதிய தலைவர்தான் காப்டன் பிக்கார்ட். நான் அவருடைய சீடன்.

காலேஜில் படித்த நாளில், சிநேகிதன் ஒருவன் வீட்டில் ஒளிநாடாவில் அவரை முதன்முதலாகத் தரிசித்தேன். தலையில் ரோமம் இல்லை. கையில் துப்பாக்கியும் அநேகமாக இல்லை. எதிரி உறுமினால் இவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். எந்தச் சங்கடத்திலும் முதலில் கேள்வி கேட்கிறார். பிறகுதான் உத்தரவு போடுகிறார். பின்னால் நான் உபாத்தியாயர் வேலைக்கு வந்தபோது, வகுப்பறையில் நானும் இப்படியே நடந்துகொள்வேன் என்று மனத்துக்குள் சபதம் செய்துகொண்டேன். நாற்காலியை விட்டு எழும்போது அவர் தம் சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து விட்டுக்கொள்வார். குணங்களில் எத்தனை எனக்கு வந்தனவோ தெரியாது. அந்தச் சட்டை இழுப்பு மட்டும் அப்பழுக்கில்லாமல் வந்துவிட்டது. என் மாணவர்கள் எனக்குப் பின்னால் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பதுண்டு என்று அறிவேன்.

அத்தியாயங்களில் எனக்கு மிகவும் பிரியமானவை சில உண்டு. 1991-இல் வெளிவந்த 'டார்மாக்' அவற்றுள் ஒன்று. டமேரியர் என்ற ஒரு ஜாதியார். அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் யந்திரம் மொழிபெயர்த்துவிடுகிறது. ஆனாலும் வாக்கியம் விளங்கவில்லை. காரணம், அவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. தங்கள் பழங்கதையில் வரும் ஒருவன் பெயரையும் ஓர் இடத்தையும் சொல்லி நிறுத்துகிறார்கள். கதை தெரிந்தவனுக்குப் பொருள் விளங்கும்; தெரியாதவனுக்கு வெறும் சப்தம். பிக்கார்டுடன் பேச வேறு வழி காணாமல், அவர்களுடைய காப்டன் டேத்தான் என்பவர் அவரை ஒரு காட்டுக் கிரகத்துக்கு இழுத்துச் சென்று, கையில் ஒரு கத்தியையும் கொடுக்கிறார். துவந்த யுத்தத்துக்கு அழைக்கிறான் என்று பிக்கார்ட் எண்ணுகிறார். அந்த மனிதரோ, ஒரே ஆபத்தை இருவரும் சேர்ந்து எதிர்த்தால் சிநேகிதர் ஆகிவிடலாம் என்று கருதியிருக்கிறார். அது விளங்கும்போது டேத்தான் மரணாவஸ்தையில் இருக்கிறார். நெருப்பருகில் அமர்ந்து, பாபிலோனிய தேசத்துக் கில்கமேஷின் கதையைப் பிக்கார்ட் அவருக்குச் சொல்லும் காட்சியை நான் கண் கலங்காமல் பார்த்ததில்லை.

மேல்நாட்டு ரசிகர் பலருக்கு இந்தப் பாஷை பெரிய விந்தையாகத் தோன்றியிருக்கிறது. எனக்கோ, "இதென்ன, நம் வீட்டுப் பேச்சல்லவா?" என்று தோன்றிற்று. நம் பாட்டிமார் தூங்குமூஞ்சியைக் கும்பகர்ணன் என்றார்கள். கலகம் மூட்டுகிறவளைக் கூனி என்றார்கள். இரண்டுங்கெட்டான் நிலையைத் திரிசங்கு சொர்க்கம் என்றார்கள். பெருமுயற்சிக்குப் பகீரதப் பிரயத்தனம் என்று பெயர் வைத்தார்கள். ராமாயணமும் பாரதமும் அறியாத ஒருவன் நம் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் அவனும் பிக்கார்டைப் போலத்தான் விழிப்பான். கணக்கு உபாத்தியாயன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. கதைகளாலேயே பேசும் ஜனங்கள் தங்கள் குழந்தைகளுக்குப் பின்னக் கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? விண்கப்பல் கட்டப் பின்னம் வேண்டுமே!

மற்றொன்று, 1989-இல் வந்த 'மனிதனின் அளவு' என்ற பொருளுடைய அத்தியாயம். இதை எழுதியவர் மெலிண்டா ஸ்நாட்கிராஸ் என்ற அம்மையார். அவர் வக்கீல் தொழிலிலும் இருந்தவர். கப்பலில் டேட்டா என்றோர் யந்திர மனிதன் உத்தியோகம் பார்க்கிறான். அவனைப் பிரித்துப் பார்த்து, அவனைப் போலப் பலரைச் செய்ய வேண்டுமென்று ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுத்து ராஜிநாமா செய்கிறான். "யந்திரம் சர்க்கார் சொத்து, சொத்து ராஜிநாமா செய்ய முடியுமா?" என்ற கேள்வி கிளம்புகிறது. வழக்கு நடக்கிறது. டேட்டாவுக்காகப் பிக்கார்ட் வாதாடுகிறார். அவனுக்கு எதிராக வாதாடும் பொறுப்போ அவனுடைய நண்பனும் கப்பலில் காப்டனுக்கு அடுத்த முதல் அதிகாரியுமான ரைக்கர் தலையில் விழுகிறது. அவர் மறுத்தால் விசாரணையே இன்றி டேட்டா சொத்து என்று தீர்ப்பாகிவிடும். ஆகவே, அழாத குறையாக, ஆனால் கொஞ்சமும் குறை வைக்காமல், நண்பனை வெறும் யந்திரம் என்று நிரூபிக்கிறார். சபை நடுவே அவனுடைய கையைக் கழற்றிக் காட்டுகிறார். விசையைத் தட்டி அவனை அணைத்தும் விடுகிறார். நீதிபதி அம்மாள் அளித்த தீர்ப்பு என் மனத்துக்கு மிகவும் உகந்தது. டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று தீர்மானிக்க அவர் முற்படவில்லை. தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் அவனுக்கு உண்டு என்பதோடு நிறுத்திக்கொண்டார். வெற்றி விருந்துக்கு வர மனமின்றித் தனியே நின்ற ரைக்கரைத் தேடி டேட்டாவே வருகிறான். அவர் தம்மைப் புண்படுத்திக்கொண்டு தன்னைக் காப்பாற்றியதாக நன்றி சொல்கிறான்.

இவையெல்லாம் பார்த்து மகிழ்ந்த கதை. இனிச் சொல்லப் போவது, பார்த்தும் பாராமல் இருந்த கதை.

1991 ஏப்ரலில் 'டிரம்ஹெட்' என்ற அத்தியாயம் வெளிவந்தது. போர்க்களத்தில் ஒரு முரசைக் கவிழ்த்து அதையே நீதிபதியின் மேஜையாகக் கொண்டு அவசரத் தீர்ப்புக் கூறும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. செலவைச் சுருக்க வேண்டும் என்பதற்காகக் கப்பலுக்குள்ளேயே நடப்பதாக எடுத்த அத்தியாயம். புதிய கிரகமும் இல்லை, யுத்தமும் இல்லை. அறைகளில் மனிதர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். கப்பலின் யந்திர அறையில் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. அதற்கு முன்பே ஒருவன் கப்பலின் ரகசியங்களை எதிரிக்கு விற்றது தெரிய வந்திருப்பதால், வெடிப்பும் சதிதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விசாரிப்பதற்கு ஸாட்டி என்ற புகழ்பெற்ற அம்மையார், ஓய்விலிருந்து அழைக்கப்பட்டு வருகிறார். ஜீன் ஸிம்மன்ஸ் என்ற பெரிய நடிகை அந்த வேஷத்தை ஏற்றிருக்கிறார். வைத்தியப் பகுதியில் வேலை பார்க்கும் டார்ஸஸ் என்ற இளைஞன் எதையோ மறைக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். அவன் மறைத்ததும் உண்மை: தன் பாட்டனார் எதிரி நாட்டினரான ராமுலன் வம்சத்தவர் என்பதை மறைத்து, வேறு ஜாதி என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

இதற்குள் வெடிப்பின் காரணம் விளங்கிவிடுகிறது. சதியுமில்லை, வெடிமருந்துமில்லை, ஒரு மூடியில் கண்ணுக்குத் தெரியாத பழுது. அத்துடன் விசாரணை முடிய வேண்டுமல்லவா? முடியவில்லை! "வெடிப்பு விபத்தாக இருக்கட்டும், பையன் பொய் சொன்னானே, அது ஏன்?" என்று அது மேலே போகிறது. பிக்கார்ட் தடுக்க முயல்கிறார். அவரையே கூண்டில் ஏற்றுகிறார்கள். அவர், ஸாட்டியின் தந்தையான பழைய நீதிபதி சுதந்திரத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை அமைதியாக எடுத்துக் கூற, அந்த அம்மையார் வெறி கொண்டு கத்துகிறார். விசாரணையைப் பார்க்க வந்திருந்த மேலதிகாரி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வெளியே போகிறார். அத்துடன் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இதை நான்கு முறை பார்த்திருந்தேன். நான்கு முறையும் பிக்கார்ட் பேசும்போது நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். நான்கு முறையும், "நானாக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன்" என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக உறங்கினேன்.

இந்த நிலையில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் காலாண்டுப் பரீட்சை வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் காலையில், ஆசிரியர் அறைப் பீரோவிலிருந்த கேள்வித்தாள் உறை ஒன்று, முத்திரைக்கு அருகே கிழிந்திருக்கக் கண்டோம். விசாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நிதானஸ்தன் என்று எனக்குப் பெயர்!

முதல் நாள் மாலை, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்பக்கத்து வாசல் வழியாகப் போனதைக் கண்டதாகக் காவற்காரர் சொன்னார். அவனுடைய தமையன், மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பள்ளியில் பார்த்து எழுதிப் பிடிபட்டவன். எனக்கு வேறென்ன வேண்டும்? பையனைக் கூப்பிட்டேன். "நேற்று மாலை பள்ளிக்கூடத்துக்கு வந்தாயா?" என்று கேட்டேன். "இல்லை, ஸார்" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிக்கார்டைப் போலவே, மறுபடியும் கேட்டேன். மறுபடியும் "இல்லை, ஸார்" என்றான். அவன் பொய் சொல்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அன்று அவனை மூன்று முறை அழைத்தேன். மறுநாள் இரண்டு முறை. வகுப்பில் அவனுக்கு இருபுறமும் இடம் காலியாயிற்று.

நாலாம் நாள், பியூன் பீரோவை நகர்த்திப் பெருக்கினார். பின்பலகையில் ஓர் ஓட்டை, அதன் அடியில் துணுக்குத் துணுக்காகக் காகிதம், எலிப் புழுக்கை. உறையை ஒட்டியிருந்த மைதாப் பசையின் ருசிக்காக எலி செய்த வேலை அது. மற்ற உறைகளின் ஓரங்களிலும் பல் பட்டிருந்தது.

நேயர்களே, இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டியதைச் சொல்கிறேன். எலியைக் கண்ட பிறகும் நான் பையனை விடவில்லை. "எலி கடித்தது சரி, அவன் ஏன் பொய் சொன்னான்?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். கேட்டது மட்டுமல்ல, தாயாரை அழைத்து வரும்படி அவனுக்கு உத்தரவும் போட்டேன்.

அந்த அம்மாள் மறுநாள் வேலைக்குப் போகாமல் வந்தாள். "ஸார், எங்கள் தெருக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் போன பிறகு இங்கே தோட்டத்துக் குழாயில் இரண்டு குடம் பிடித்து வரும்படி நான்தான் அனுப்பினேன். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான். தப்பு என்னுடையது, அவனை ஒன்றும் செய்யாதீர்கள்" என்று கைகூப்பினாள். பையன் கதவோரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போய் வாருங்கள், அம்மா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அன்று இரவு அந்த அத்தியாயத்தை ஐந்தாம் முறையாகப் பார்த்தேன். எல்லாம் அதேதான், ஆனால் அதுவரை கண்ணில் படாத ஒருவர் அன்று கண்ணில் பட்டார். அவர் வார்ஃப், கப்பலின் காவல் அதிகாரி. ஸாட்டிக்கு வலது கையாக இருந்து சந்தேகங்களைத் துருவித் துருவி எடுத்துக் கொடுப்பவர் அவரே. அவர் துஷ்டர் அல்ல. நேர்மையும் கடமையுணர்ச்சியும் உள்ளவர். அதிலும், அவருடைய தந்தைமீதே துரோகி என்ற பொய்ப்பழி சுமத்தப்பட்டு, அந்தக் களங்கத்தைச் சுமந்து திரிகிறவர். வம்சத்தைக் காட்டிப் பழி சொல்வது எப்படிச் சுடும் என்று அந்தக் கப்பலில் அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அவர்தான் டார்ஸஸை வேட்டையாடுகிறார். கடைசிக் காட்சியில், தாம் அந்த அம்மையாரை நம்பிவிட்டதாகப் பிக்கார்டிடம் ஒப்புக்கொள்கிறார். மீசையை முறுக்கிக்கொண்டு வரும் துஷ்டனை எளிதில் அடையாளம் காணலாம், நல்ல காரியத்தின் வேஷத்தில் வருகிறவனைக் காண்பதுதான் அரிது என்ற கருத்தைப் பிக்கார்ட் அப்போது சொல்கிறார். நான்கு முறை அதைப் பிக்கார்டின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஐந்தாம் முறை எதிர்நாற்காலியில் இருந்தேன்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். அந்தக் கடைசிக் காட்சியில் டார்ஸஸ் இல்லை. பெரியவர்கள் இருவர் தத்துவம் பேசுகிறார்கள். யாரை முன்னிட்டு இத்தனையும் நடந்ததோ அந்தப் பையனைக் காணோம். அவன் நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறான். விசாரணை முடிந்தது என்றால் விசாரித்தவர்களுக்குத்தான் முடிந்தது.

இந்தக் கதைக்கு ஒரு நிஜமான நிழலும் உண்டு. 1966-இல் தொடங்கிய முதல் தொடரில், கப்பலைச் செலுத்தும் ஸுலு என்ற அதிகாரியாக நடித்தவர் ஜார்ஜ் டகே. ஜப்பானிய வம்சத்தில் அமெரிக்காவிலேயே பிறந்தவர். ஜப்பானோடு யுத்தம் மூண்டதும், 1942-இல், ஜப்பானிய ரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசாங்கம் வீடுகளிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. அவர்களில் டகேயின் குடும்பமும் ஒன்று. அப்போது அவருக்கு வயது 5. அந்தக் குழந்தை வளர்ந்து, எல்லா ஜாதியாரும் சமமாக உட்கார்ந்து செலுத்தும் கற்பனைக் கப்பலின் சுக்கானைப் பிடித்தது என்பதை நினைக்கும்போது மெய்சிலிர்க்கிறது. செய்தது தவறு என்று அரசாங்கம் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது 1988-இல். நாற்பத்தாறு ஆண்டுகள்!

ஓர் அரசாங்கம் அத்தனை காலம் எடுத்துக்கொள்ளலாம். ஓர் உபாத்தியாயன் எடுத்துக்கொள்ளலாகாது என்று தீர்மானித்தேன். மறுநாள் முதல் மணியில், வகுப்பார் எல்லோர் முன்னிலையிலும், "கேள்வித்தாளைக் கிழித்தது எலி. இந்தப் பையன்மீது சந்தேகப்பட்டது என் தவறு. எலியைக் கண்ட பிறகும் விடாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. என்னை மன்னித்துவிடு, அப்பா" என்றேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; அது அவன் ரகசியம், நான் வெளியிடுவதற்கில்லை.

அவன் எழுந்து நின்றான். "சரி, ஸார்" என்றான். உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

டேட்டாவைப் போல அவன் என்னைத் தேடி வந்து ஆறுதல் சொல்லவில்லை. சொல்வான் என்று நான் எதிர்பார்த்ததும் தவறுதான். ரைக்கர் செய்தது நண்பனைக் காப்பாற்றுவதற்கு. நான் செய்தது யாரைக் காப்பாற்ற? அன்றியும், டேட்டா ஒரு யந்திரம். மனத்தில் வடு ஏற்படாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்படும். முன்பெல்லாம் வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்பவன் அவன். "சூரிய வெளிச்சம் வந்து சேர எட்டு நிமிஷம் ஆகிறது என்றால், நாம் பார்க்கிற சூரியன் பழைய சூரியனா, ஸார்?" என்று ஒரு முறை கேட்டு என்னைத் திணற அடித்தவன். இப்போது கேட்பதில்லை. காத்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியரிடம் சொல்லி, மாலை வேளையில் முன்வாசல் குழாயைத் தெருவாருக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்தோம். இப்போது பலபேர் குடத்தோடு வருகிறார்கள். அவனும் வருகிறான், கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதால் அவனை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. நானும் கவனியாதவன்போல் வராந்தாவைக் கடந்து போய்விடுகிறேன்.

என் பைத்தியம் தெளிந்ததா என்று கேட்பீர்களானால், இல்லை. இன்றைக்கும் இரவில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து விண்கப்பலில் ஏறுகிறேன். மனைவியும் எப்போது இறங்குவதாக உத்தேசம் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு மாறுதல் மட்டும் உண்டு. எழுந்திருக்கும்போது சட்டையை இழுத்து விட்டுக்கொள்ளக் கை போனால், நடுவிலேயே நிறுத்திக்கொள்கிறேன். ஆறாம் முறையாக அந்த அத்தியாயத்தைப் பார்க்கும்போது, பேசுகிறவரைப் பார்க்கப் போவதில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கிற பையனின் முகத்தைப் பார்ப்பதாக இருக்கிறேன்.